வெள்ளோட்டமும் வணிகரும்: ஸ்போர்ட்ஸ் கார் விற்பனை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

புதிதாகச் செய்த தேரை விழாவுக்கு முன்னர் வீதியில் இழுத்துப் பார்ப்பதை வெள்ளோட்டம் என்பர். அச்சும் சில்லும் பாரத்தைத் தாங்குமா, வீதி முடக்கிலே தேர் இடரின்றித் திரும்புமா என்பவற்றை ஊரார் கண்முன்னே சோதித்தறியும் நிகழ்ச்சி அது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. விலைகொடுத்து வாங்கும் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது வாங்குவோனின் உரிமை என்பது அதன் மறுபக்கம். பொருளைச் சோதித்த பின்னரே பணம் கைமாற வேண்டும் என்னும் இந்நியதி சந்தை எவ்வளவு பழையதோ அவ்வளவு பழையது.

ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் வணிகப் பொருள்களுள் ஒன்று இந்நியதிக்குப் பெரிதும் கட்டுப்படாது நின்றது. அதுவே ஸ்போர்ட்ஸ் கார் என வழங்கும் விரைவுக் கார். குடும்பக் காரை வாங்க வருபவரிடம் திறப்பைத் தயக்கமின்றி நீட்டும் விற்பனையாளர், அதே காட்சியறையின் நடுவே நிற்கும் விரைவுக் காரின் திறப்பை எளிதிற் கொடுப்பதில்லை. இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றியது? விற்போனுக்கும் வாங்குவோனுக்கும் இடையிலான உறவு பற்றி அது நமக்கு உணர்த்துவது யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மோட்டார் வாகனத்தின் வரலாறே ஒரு வெள்ளோட்டத்தோடு தொடங்குகின்றது எனலாம். கார்ல் பென்ஸ் 1886ஆம் ஆண்டில் தமது முச்சக்கர ஊர்திக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால், வாங்குவார் இலர். 1888 ஓகஸ்டில் அவர் மனைவி பேர்த்தா பென்ஸ், கணவருக்கு முன்னறிவிப்பின்றித் தம் இரு புதல்வரோடு அவ்வூர்தியில் மன்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். ஏறத்தாழ 100 கிலோமீற்றர் நீளமான அப்பயணத்தில் எரிபொருள் மருந்துக் கடையொன்றில் வாங்கப்பட்டது. அடைபட்ட எரிபொருட் குழாய் தொப்பியூசியாற் குத்திச் சீராக்கப்பட்டது. தேய்ந்த தடுப்புக் கட்டைகளுக்குச் செருப்புத் தைப்பவரொருவர் தோல் பொருத்திக் கொடுத்தார். ஏற்றங்களில் ஊர்தியைத் தள்ளவேண்டி நேர்ந்தமையால், ஏற்றத்துக்கெனக் கூடுதற் பற்சக்கரம் தேவை என்பதும் புலனாயிற்று. பட்டறைக்குள் அறியப்படாத குறைகளை வீதி வெளிப்படுத்தியது. அவை பின்னர் திருத்தவும்பட்டன. வெள்ளோட்டத்தின் பயன் வாங்குவோனை மாத்திரம் சார்ந்ததன்று, ஆக்கியோனையும் சார்ந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

விரைவுக் காரின் தோற்றமும் ஓட்டிப் பார்த்தவர் ஒருவரது கோரிக்கையின் விளைவே. பிரான்சின் தென்கரையிலுள்ள நீஸ் நகரில் டைம்லர் கார்களைச் செல்வர்களுக்கு விற்றுவந்த எமில் ஜெலினெக், அக்கார்களைத் தாமே வாங்கியவர்; பந்தயங்களிற் பங்குபற்றியவர்; அவற்றின் குறைகளை உற்பத்தியாளருக்குக் கடிந்து எழுதியவர். 1900 மார்ச்சில் லா துர்பி மலைப் பந்தயத்தில் டைம்லர் காரைச் செலுத்திய வில்ஹெல்ம் பவுவர் விபத்தில் உயிரிழந்தார். உயரமும் குறுகிய அமைப்பும் உடைய கார் விரைவுக்கு ஒவ்வாது என்பது தெளிவாயிற்று. தாழ்ந்ததும் அகன்றதும் வலுமிக்கதுமான புதிய காரொன்றைக் கோரிய ஜெலினெக், 36 கார்களுக்குக் கட்டளை கொடுத்தார். வில்ஹெல்ம் மைபாக் வடிவமைத்த அந்த 35 குதிரைவலுக் கார், ஜெலினெக்கின் மகளுடைய பெயரால் மெர்சிடிஸ் எனப்பட்டது. 1901 மார்ச்சில் நீஸ் பந்தய வாரத்தில் அது பெற்ற வெற்றிகள் ஐரோப்பிய மோட்டார்த் தொழிலின் போக்கையே மாற்றின. விற்பனையாளரும் வாங்குவோரும் ஓட்டுநரும் ஒருவராகவே இருந்த அக்காலத்தில் திறப்பு யார் கையில் என்ற வினாவுக்கு இடமிருக்கவில்லை.

சட்டமும் இவ்வழக்கை ஏற்றுக்கொண்டது. பிரித்தானியாவின் 1903ஆம் ஆண்டு மோட்டார்க் கார்ச் சட்டம் வாகனங்களுக்குப் பதிவிலக்கத்தைக் கட்டாயமாக்கியபோது, உற்பத்தியாளருக்கும் வணிகருக்கும் பொது அடையாள இலக்கம் ஒன்றினை வழங்க இடமளித்தது. புதிதாக முடிக்கப்பட்ட காரைச் சோதிப்பதற்கும், வாங்கக் கருதியவர் ஓட்டிப் பார்ப்பதற்கும் அவ்விலக்கம் பயன்படலாம் என்றது அச்சட்டம். வாங்குவோனின் வெள்ளோட்டம் சட்டநூலில் இடம்பெற்றமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. அக்காலத்தில் வாங்குவோருட் பலர் காரைச் செலுத்த அறியாதவர்; அவர்களுக்கு அதைப் பழக்குவதும் விற்பனையின் ஒரு பகுதியாகவே இருந்தது. பிரித்தானியாவிற் சாரதிப் பரீட்சை கட்டாயமானது 1935 ஜூன் மாதத்திலேயே என்பதை நினைவிற் கொண்டால் இந்நிலை விளங்கும்.

இவ்வுறவு பின்னர் ஏன் மாறியது? முதலாவது காரணம் பொருளின் இயல்பிலேயே உள்ளது. குடும்பக் கார் ஓரிடத்திலிருந்து பிறிதோரிடத்துக்குச் செல்வதற்கான சாதனம். அதை ஓட்டிப் பார்ப்பது அதன் தகுதியை அறிவதற்கே. ஸ்போர்ட்ஸ் காரிலோ ஓட்டும் அனுபவமே விற்பனைப் பொருள். வெள்ளோட்டம் கேட்பவர் பொருளின் ஒரு பகுதியை விலையின்றி நுகர்கின்றார் என்ற எண்ணம் வணிகர் மனத்தில் எழுவது இயல்பே. வாங்கும் வசதியோ எண்ணமோ இன்றி, அரைமணி நேர இன்பத்துக்காகவே காட்சியறைக்கு வருவோரும் உளர்.

இரண்டாவது காரணம் இயந்திரத்தைச் சார்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை புதிய இயந்திரத்தை முதற் சில நூறு மைல்களுக்கு மிதமான வேகத்திற் பழக்குதல் இன்றியமையாததாகக் கருதப்பட்டது. இயந்திரம் பழக்கப்படுகின்றது, முந்திச் செல்க என்னும் அறிவிப்பைப் பிரித்தானியச் சாரதிகள் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்தமை அக்காலத்து வழமை. இந்நிலையில், வந்தவர் அனைவரும் முழுவலுவையும் சோதித்துப் பார்த்த காரை எவர் முழுவிலைக்கு வாங்குவர்? மேலும், தூரமானியில் ஏறும் ஒவ்வொரு மைலும் புதுமையைக் குறைக்கின்றது. மூன்றாவது காரணம் காப்புறுதி. பழக்கமற்ற கையில் வலுமிக்க கார் விரைவிற் கட்டுமீறும். இழப்பு வணிகரையே சேரும். இக்காரணங்களை வெறும் சாட்டுகள் எனத் தள்ளுதல் நேர்மையாகாது.

ஆனால், இவற்றோடு பற்றாக்குறை என்னும் நான்காவது காரணமும் சேர்ந்தபோது தயக்கம் அதிகாரமாக மாறியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் ஏற்றுமதிக்கே முதலிடம் வழங்கப்பட்டது. உள்நாட்டிற் புதிய கார் வாங்கியவர் குறித்த காலத்துக்கு அதை மறுவிற்பனை செய்வதில்லை என ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கவேண்டியிருந்தது. 1948 ஒக்டோபரில் லண்டன் கண்காட்சியில் ஜகுவார் நிறுவனம் எக்ஸ்.கே. 120 என்னும் காரை வெளியிட்டது. மணிக்கு 120 மைல் வேகத்தைக் குறித்த அப்பெயரைப் பலர் நம்பவில்லை. 1949 மே மாதத்தில் பெல்ஜியத்தின் ஜபெக் நெடுஞ்சாலையிற் பத்திரிகையாளர் முன்னிலையில் நிறுவனத்தின் ஓட்டுநர் ரொன் சட்டன் அக்காரை மணிக்கு 132 மைலுக்கும் மேலான வேகத்திற் செலுத்திக் காட்டினார். ஐயம் நீங்கியது. ஆயின், அதை நீக்கியவர் வாங்குவோர் அல்லர்; நிறுவனத்தின் ஊழியர். வாங்குவோன் தன் கையால் அறியவேண்டியதை இப்போது பிறர் கண்ணால் அறிந்தான். பத்திரிகை வழியாக நம்பினான்.

1961 மார்ச்சில் ஜெனீவாவில் ஈ-டைப் கார் அறிமுகமானபோது இம்மாற்றம் முழுமையடைந்தது. அங்கு கொண்டுசெல்லப்பட்ட மூடிய காரில் ஏறிப் பார்க்க வந்தோர் தொகை கட்டுக்கடங்கவில்லை. நிறுவனத்தின் சோதனை ஓட்டுநர் நோர்மன் டூவிஸ், திறந்த கார் ஒன்றினைக் கொவென்ட்ரியிலிருந்து இரவோடிரவாகச் செலுத்தி ஜெனீவாவுக்குக் கொணருமாறு பணிக்கப்பட்டார். அவ்வாறே மறுநாட் காலையில் வந்தும் சேர்ந்தார். அதன்பின் அவரும் பொப் பெரியும் விருந்தினரை ஏற்றிச் சென்று காரின் திறனைக் காட்டினர். வாங்கக் கருதியவர் அமர்ந்தது சாரதி இருக்கையில் அன்று. அதன் பக்கத்து இருக்கையில். விரைவுக் கார் வணிகத்தில் நெடுங்காலம் நிலைத்த ஒழுங்கு இதுவேயாகும்.

ஐக்கிய அமெரிக்காவில் இவ்வரலாறு வேறு வடிவம் கொண்டது. ஜெனரல் மோட்டோர்ஸ் 1953இல் செவர்லே கோர்வெட் காரை வெளியிட்டபோது அவ்வாண்டில் உற்பத்தியானவை 300 மாத்திரமே. அவை பெரும்பாலும் புகழ்பெற்றோர்க்கும் ஊர்ப் பிரமுகர்க்கும் ஒதுக்கப்பட்டன. பொதுமக்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தனர். மறு ஆண்டில் 3,640 கார்கள் உற்பத்தியாயின. அவற்றுட் பெருந்தொகையின ஆண்டிறுதியிலும் விற்பனையாகாது தேங்கின. ஆறு உருளை இயந்திரமும், இரு வேகங்களே கொண்ட தானியங்கிப் பற்சக்கரப் பெட்டியும், ஏற்றியிறக்கும் கதவுக் கண்ணாடி இன்மையும் விரைவுக் காரை விரும்பியோர்க்கு நிறைவளிக்கவில்லை. 1955இல் எட்டு உருளை இயந்திரம் பொருத்தப்பட்ட பின்னரே அக்காரின் வாழ்வு தொடர்ந்தது. கண்ணாடிக்குள் இருந்தபோது மறைந்திருந்த குறை கைக்கு எட்டியபோது வெளிப்பட்டது. திறப்பைக் கொடாமை விற்போனைச் சிறிது காலமே காக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

பிறர் செய்யும் சோதனையை நம்புவதிலும் இடருண்டு என்பதைப் பொண்டியாக் ஜீ.ரி.ஓ. காரின் கதை காட்டுகின்றது. 1964 மார்ச்சில் அமெரிக்க மோட்டார்ச் சஞ்சிகையொன்று அக்காரை இத்தாலியின் பெராரியோடு ஒப்பிட்டுப் பெரும் புகழ் தேடிக்கொடுத்தது. சோதனைக்குக் கொடுக்கப்பட்ட கார், மிச்சிகன் மாநிலத்தின் றோயல் பொண்டியாக் விற்பனை நிலையத்திற் சிறப்பாக ஆயத்தஞ் செய்யப்பட்டது. 389 கன அங்குல இயந்திரம் இருக்கவேண்டிய இடத்தில் 421 கன அங்குல இயந்திரம் பொருத்தப்பட்டிருந்ததென, அதை ஏற்பாடு செய்த விளம்பரத் துறையாளர் ஜிம் வாங்கர்ஸ் பல்லாண்டுகளின் பின்னர் ஒப்புக்கொண்டார். சஞ்சிகை சோதித்த காரும் வாசகன் வாங்கிய காரும் ஒன்றல்ல. தன் கையால் ஓட்டிப் பார்க்கும் உரிமைக்கு மாற்றாகப் பத்திரிகைச் சோதனை ஒருபோதும் அமையாது என்பதற்கு இதுவே போதிய சான்றாகும்.

இனி, திறப்பை யாருக்குக் கொடுப்பது என்பதை வணிகர் எவ்வாறு தீர்மானித்தனர் என்பது நோக்கற்பாலது. வந்தவரின் சட்டைப்பைக்குள் இருப்பதை அறிய வழியில்லை. ஆதலின் சட்டையைப் பார்த்தனர். உடை, வயது, வந்திறங்கிய பழைய கார், பேச்சு என்பன அளவுகோல்களாயின. இவ்வளவுகோல்கள் ஆளையன்றிச் சமூகத்தின் முற்சாய்வுகளையே அளப்பன. சிக்காகோ நகரப் பகுதி விற்பனை நிலையங்களில் நிகழ்த்திய ஆய்வொன்றினை இயன் ஏயர்ஸ் 1991இல் ஹாவார்ட் சட்டச் சஞ்சிகையில் வெளியிட்டார். ஒரே முறையிற் பேரம் பேசப் பயிற்றப்பட்டோர் அனுப்பப்பட்டனர். வெள்ளை இன ஆண்களிடம் கேட்கப்பட்ட இலாபத்தைவிட வெள்ளை இனப் பெண்களிடம் நாற்பது சதவீதம் கூடுதலாகவும், கறுப்பின ஆண்களிடம் இருமடங்குக்கு மேலாகவும், கறுப்பினப் பெண்களிடம் மும்மடங்குக்கு மேலாகவும் கேட்கப்பட்டது. அவ்வாய்வு விலை பற்றியது, வெள்ளோட்டம் பற்றியதன்று. எனினும், எழுதி வைத்த விலையுள்ள பொருளிலேயே முற்சாய்வு இவ்வாறு தொழிற்படுமாயின், முற்றிலும் விற்பனையாளரின் விருப்பத்தைச் சார்ந்த திறப்பின் விடயத்தில் அது தொழிற்படாது எனக் கொள்வதற்கு நியாயமில்லை. உலகின் முதல் நெடுந்தூர வெள்ளோட்டத்தை நிகழ்த்தியவர் ஒரு பெண் என்பதை இவ்விடத்து நினைத்தல் தகும்.

அண்மைக் காலத்தில் இவ்வுறவு இரு திசைகளிற் பிரிந்தது. ஒருபுறம், மிகச் சிலவாகச் செய்யப்படும் கார்களில் வாங்குவோன் பொருளைச் சோதிப்பதற்குப் பதிலாகப் பொருளை உடையோன் வாங்குவோனைச் சோதிக்கும் நிலை தோன்றியது. பெராரி நிறுவனம் 2002இல் அறிமுகஞ் செய்த என்ஸோ காருள் விற்பனைக்குக் குறிக்கப்பட்டவை 399. அவை முன்னரே அந்நிறுவனத்தின் கார்களை வாங்கியோர்க்கே முன்னுரிமையோடு வழங்கப்பட்டன. கார் செய்யப்படுமுன்னரே அதற்குரியவர் தெரிவு செய்யப்பட்ட நிலையில் வெள்ளோட்டத்துக்கு இடமேது?

மறுபுறம், வெள்ளோட்டமே தனியொரு வணிகப் பொருளாயிற்று. போர்ஷே நிறுவனம் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 2002இல் திறந்த தொழிற்சாலையோடு 3.7 கிலோமீற்றர் நீளமான ஓட்டப்பாதையையும் அமைத்தது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டனில் 2008இலும், அமெரிக்காவின் அட்லாண்டாவில் 2015இலும் அதன் ஓட்ட அனுபவ நிலையங்கள் திறக்கப்பட்டன. பயிற்றுநர் அருகிருக்க, பொதுவீதியின் இடரின்றிக் காரின் முழுத் திறனையும் அங்கு அறியலாம். காரை வாங்காதவரும் கட்டணஞ் செலுத்தி ஓட்டலாம். வணிகரின் அச்சங்கள் பலவற்றுக்கு இது தக்க தீர்வு. புதிய கார் தேய்வதில்லை. பழக்கமற்றவரால் வீதியிற் செல்வோர்க்கு ஊறில்லை. விளையாட்டாக வருவோரால் இழப்புமில்லை. ஆயின், ஒருகாலத்தில் விற்பனையின் கடமையாக இருந்தது இன்று விலையுள்ள பண்டமாகிவிட்டது என்பதையும் மறத்தலாகாது.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், வெள்ளோட்டம் பற்றிய வணிகர் மனப்பாங்கு அவர்தம் தனிக் குணத்தாலன்றிச் சந்தையின் நிலைமைகளாலேயே பெரிதும் வடிவமைந்தது என்பது தெளிவாகும். பொருள் மிகுந்தும் வாங்குவோர் குறைந்தும் இருந்தபோது திறப்பு எளிதிற் கிடைத்தது. பொருள் அருகியபோது அது அதிகாரத்தின் சின்னமாயிற்று. இயந்திரத்தையும் காப்புறுதியையும் முன்னிட்ட எச்சரிக்கை நியாயமானது. அது எல்லோர்க்கும் ஒரே விதியாக, முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதாக அமையும்வரை எவரும் அதைக் குறைகூற இயலாது. ஆளின் தோற்றத்தைக் கண்டு திறப்பை மறைக்கும் எச்சரிக்கையோ நியாயத்தின் போர்வையில் நிகழும் அவமதிப்பு. ஒரு மனிதன் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொடுத்து வாங்கும் பொருளை முதலில் தன் கையால் அறிந்துகொள்ளக் கேட்பது சலுகையன்று. வெள்ளோட்டத்திலே குறை காணப்பட்ட தேரை எவரும் விழாவில் ஏற்றுவதில்லை. வெள்ளோட்டத்துக்கே விடப்படாத தேரில் ஏறுமாறு ஒருவனைப் பணிப்பது அதனினும் முறையன்று.