பயிற்சிக் கப்பல்

1908இல் ஜெர்மன் கடற்படையில் சேர்ந்த கவசப் போர்க்கப்பல் ‘ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன்’, 1916ஆம் ஆண்டின் ஜட்லண்டுக் கடற்போரிலேயே காலத்தால் பின்தங்கியிருந்தது. 1936இல் அதனைப் புதுப்பித்துப் பயிற்சிக் கப்பலாக்கினர். நிலக்கரிக் கொதிகலன்களிற் சில எண்ணெய்க்கு மாறின. ஆயின் 28 செ.மீ. பீரங்கிகள் நான்கும் அகற்றப்படவில்லை. ‘பயிற்சி’ என்னும் சொல்லை ஈண்டு ஐயுறாதிருத்தல் இயலாது.

1939 ஆகஸ்டு 25 அன்று, நல்லெண்ண வருகை என்ற பெயரில் அது டான்சிக் துறைமுகம் புகுந்தது. உள்ளே இருநூற்றுக்கு மேற்பட்ட தாக்குதல் வீரர் மறைந்திருந்தனர். செப்டம்பர் 1 விடியலில், வெஸ்டர்பிளாட்டே என்னும் போலந்துக் காவலிடத்தின்மீது சுட்டது. இரண்டாம் உலகப்போரின் முதற்குண்டுகளுட் சிலவற்றை மாணவர்க்கென ஒதுக்கிய கப்பலே வீசிற்று! ஏறத்தாழ இருநூறு போலந்து வீரர் ஏழு நாள் எதிர்த்து நின்றனர். 1944 டிசம்பரில் கிடினியாத் துறைமுகத்தில், வான்வழிக் குண்டுவீச்சில் அக்கப்பல் மூழ்கிற்று.