சர்க்கரைக்கொல்லி: ஒரு பெயரும் அதன் ஆய்வு வரலாறும்

முன்னுரை

இந்திய மருத்துவ மரபில் நீரிழிவுக்கு உரியனவாகச் சுட்டப்படும் மூலிகைகளுள் சிறுகுறிஞ்சானும் ஒன்றாகும். நடு இந்தியாவிலும் தென்னிந்தியாவிலும் படர்ந்து வளரும் இக்கொடி வடமொழியில் மேஷசிருங்கி, மதுநாசினி எனவும், இந்தியில் குட்மார் எனவும், தமிழில் சர்க்கரைக்கொல்லி எனவும் பெயர் பெற்றுள்ளது. இவற்றுள் மேஷசிருங்கி என்பது ஆட்டுக்கொம்பு என்னும் பொருளில் தோற்றத்தைச் சுட்டுகிறது. ஏனைய மூன்றும் இனிப்பை அழிக்கும் பண்பைச் சுட்டுகின்றன. அழிக்கப்படுவது நாவில் உணரப்படும் இனிப்பா, குருதியில் மிகும் சர்க்கரையா என்பதை இக்கட்டுரை ஆய்வு வரலாற்றின் துணைகொண்டு ஆராய முற்படுகிறது.

நாவின் இனிப்பு

இவ்விலையை மென்றபின் சர்க்கரை சுவையற்று மண்போல் தோன்றும் என்பதை 1847இல் எட்ஜ்வொர்த் என்னும் ஆங்கிலேய அதிகாரி மேலைநாட்டு அறிவுலகிற்கு அறிவித்தார். உதகமண்டலத்தில் அரசுக் கொயினா வேதியியலாளராகப் பணியாற்றிய டேவிட் ஹூப்பர் 1887இல் இலையை வேதியியல் முறையில் பகுத்து, ஜிம்னிமிக் அமிலம் எனப் பெயரிடப்பட்ட பொருளைப் பிரித்தெடுத்தார். அது ஒரே பொருளன்று, டிரைடெர்பீன் சப்போனின்களின் தொகுதியே என்பது பிற்கால ஆய்வுகளால் தெளிவாயிற்று. நாவின் இனிப்புணர் ஏற்பியோடு இப்பொருள்கள் இணையும் இடத்தை 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் விளக்கினர். எனவே, பெயர் குறிக்கும் செயல் முதன்மையாக நாவில் நிகழ்வது என்பது பெறப்படுகிறது.

குருதியின் சர்க்கரை

குருதிச் சர்க்கரை பற்றிய ஆய்வு 20ஆம் நூற்றாண்டில் தோன்றியது. இலை கணையத்தின் இன்சுலின் சுரப்பை மறைமுகமாகத் தூண்டுவதாக மஸ்கரும் கையஸும் 1930இல் கருதினர். சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் இரு ஆய்வுகள் 1990இல் வெளிவந்தன. இலைச் சாறத்தை நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் அளவில் 18 முதல் 20 மாதங்கள் உட்கொண்ட இரண்டாம் வகை நோயாளிகள் 22 பேரில் ஐவர் வழக்கமான மாத்திரைகளைக் கைவிட இயன்றது. இன்சுலின் பெற்றுவந்த 27 பேரிடம் இன்சுலின் தேவை குறைந்தது. ஆயினும் நோயாளிகளின் எண்ணிக்கை சிறிது. சமவாய்ப்பு முறையில் பிரித்து ஒப்பிடும் நெறியும் பின்பற்றப்படவில்லை. ஆதலின் இம்முடிவுகள் நம்பிக்கை தரும் தொடக்கமே அன்றி, முடிந்த முடிபாகா.

ஒப்பீடு

ஐரோப்பாவின் கலேகா என்னும் செடியின் வரலாறு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அதன் குவானிடின் வகைப் பொருள் நச்சுத்தன்மை உடையதாயினும், அதனோடு உறவுடைய மெட்ஃபார்மின் 1922இல் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது. பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் 1957இல் அதை நீரிழிவு நோயாளிகளிடம் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டார். பின்னர் நிகழ்ந்த விரிவான மருத்துவ ஆய்வுகளே அதனை உலகெங்கும் பரப்பின. செடியின் புகழ் மட்டும் அதற்குப் போதுமானதாக இருக்கவில்லை.

முடிவுரை

சர்க்கரைக்கொல்லி என்னும் பெயர் மக்களின் நுண்ணிய உற்றுநோக்கலுக்குச் சான்றாகும். அது மருத்துவச் சான்று ஆகாது. பெயரை நம்பி இன்சுலினை நிறுத்துதல், குறிப்பாக முதல் வகை நோயாளிக்கு, உயிரிழப்பில் முடியக்கூடும். மருந்தோடு மூலிகையையும் சேர்த்து உட்கொள்வோருக்குக் குருதிச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழவும் கூடும். மரபறிவை மதித்தல் என்பது அதனை அப்படியே ஏற்பதன்று. ஹூப்பர் தொடங்கிய ஆய்வை நெறியோடு நிறைவு செய்தலே ஆகும்.