திமிலதீவு விமான நிலையம் நமக்கும் உரியதுதான்



விமான நிலையம் எங்கே என்று நமது பிள்ளைகளைக் கேட்டால் கட்டுநாயக்க என்றுதான் சொல்வார்கள். கல்முனையிலிருந்து சுமார் 40 கிலோமீற்றரில், மட்டக்களப்பு வாவியோரம் திமிலதீவில் ஒன்று இருப்பது பலருக்கு ஞாபகத்திலேயே இல்லை.

அது 1958 நவம்பரில் திறக்கப்பட்டது. அப்போது அம்பாறை மாவட்டம் என்று ஒன்று கிடையாது. அது 1961இல்தான் பிரிந்தது. கல்முனை முதல் வினாயகபுரம் வரை, அதற்கு அப்பாலும், நாம் எல்லோரும் மட்டக்களப்பு மாவட்டத்தார். ஆகவே அந்த ஓடுபாதை 'அவர்களுடையது' அல்ல, நமக்காகவும் போடப்பட்டது. எயார் சிலோனின் டக்கோட்டா விமானங்கள் அங்கே வந்து போயின. கல்லோயாத் திட்டத்தோடு வந்த உகண விமானத்தளத்திலும் அவை இறங்கின. எழுபதுகளின் முடிவில் எயார் சிலோனே மூடப்பட்டது.

1983 மார்ச் 27இல் திமிலதீவை விமானப்படை எடுத்துக்கொண்டது. ஜூலைக் கலவரத்துக்குப் பிறகுதான் எடுத்தார்கள் என்று நம்மில் சிலர் சொல்வதுண்டு. திகதியைப் பாருங்கள், நான்கு மாதம் முந்தியது. அதன்பின் முப்பது வருடத்துக்கு மேல் அது முட்கம்பி வேலிக்குள். உகணவும் விமானப்படையிடமே போனது. யுத்தத்தில் வீதிகள் அடைபட்ட காலத்தில் நம் கரையோரத்துக்கு இரண்டு ஓடுபாதைகள் இருந்தும் சாதாரண சனத்துக்கு ஒன்றும் இல்லை.

நம் கடலுக்கு ஆகாய யுத்தம் அதற்கும் முந்தியே வந்துவிட்டது. 1942 ஏப்ரல் 9இல் ஹேர்ம்ஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானியர் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்தார்கள். இறந்தவர்கள் 307 பேர். விமானந்தாங்கி என்று பெயர்தான், அன்று அதில் ஒரு விமானமும் இல்லை! எல்லாம் திருகோணமலைச் சீனன்குடாவில் நின்றன. கப்பல் இன்றும் அடியில் கிடக்கிறது.

2016 ஜூலையில் விமானப்படையிடமிருந்து சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை திமிலதீவைப் பொறுப்பேற்றது. 2018 மார்ச் 25இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன உள்நாட்டு விமான நிலையமாகத் திறந்து வைத்தார். பிறகு பெயரோடு 'சர்வதேச' என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டது.

ஆனால் நமது உம்றாப் பயணிகளும் மத்திய கிழக்குக்குப் போகும் பிள்ளைகளும் இன்னும் இரவில் வேன் பிடித்து விடிய விடியக் கட்டுநாயக்கதான் போகிறார்கள். அந்த 1958 ஓடுபாதையில் ஏறிப்போன பெரியவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், டிக்கெட் எவ்வளவு, எதற்காகப் போனார்கள் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே பதிந்து வைப்போம்.