வேட்டை நாயும் நம் முன்னோரும்

ஆண்டு மலர் என்றால் ஆலய வரலாறும் அடியார் சரிதமும் அதில் மணம் வீசுதல் மரபு. அவற்றினிடையே நாயைப் பற்றி ஒரு கட்டுரையா என்று அன்பர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். அவர்கள் சற்றுப் பொறுத்து இறுதிவரை வாசிப்பார்களாக.

மிஷன் பாடசாலையிற் பயின்ற எமக்கு ஆர்கஸ் என்னும் நாயை இளமையிலேயே தெரியும். இருபது ஆண்டுகளின் பின் பிச்சைக்காரக் கோலத்தில் வீடு திரும்பிய ஒடிசியஸ் மன்னனை, எவரும் சொல்லாமலே அடையாளங் கண்டது அவன் வளர்த்த வேட்டை நாய். அது வாலை அசைத்தது, செவியைத் தாழ்த்தியது, பின் உயிர் துறந்தது. ஹோமர் பாடிய அக்காட்சியை ஆசிரியர் விளக்கியபோது எம் வகுப்பே கலங்கியிருந்தது. ஆனால் கோவிவன் என்ற பெயரை அப்பாடசாலையில் எவரும் எமக்குச் சொன்னதில்லை. காளி என்ற பெயரையும் சொன்னதில்லை. இவை யாருடைய பெயர்கள்? பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் நம் தென்னாட்டிலே கல்லில் வெட்டப்பெற்ற நாய்களின் பெயர்கள்! கிரேக்க நாயின் பெயரை அறிந்த நாம் நம் நாட்டு நாய்களின் பெயரை அறியாதிருந்தோம். அந்தக் குறையை நம்மளவிலாவது நீக்கிக்கொள்ளும் முயற்சியே இக்கட்டுரை.

சமயமும் நாயும்

நாம் ஒருவரை ஏசுவதற்கு எடுக்கும் முதற் சொல் "நாய்" என்பது. ஆனால் வைரவக் கடவுளுக்கு வாகனம் எது? சுவர்க்கத்தின் வாயிலிலே, தன்னோடு வந்த நாயைக் கைவிட்டு உள்ளே புகேன் என்று தருமர் மறுத்து நின்றது எதன் பொருட்டு? மணிவாசகப் பெருமான் தம்மை "நாயேன்" என்று தாழ்த்திக்கொண்டதிலும், ஆண்டவன் அடியை விட்டு அகலாத பற்று என்னும் குறிப்பு அடங்கியிருக்கிறதன்றோ?

இன்னும், வேட்டையைத் தொழிலாகக் கொண்ட ஒருவரை அறுபத்து மூவருள் வைத்து வணங்குபவர்கள் நாம். உடுப்பூர் வேடர்கோன் மகன் திண்ணனார் நாய்களும் வேடரும் சூழ வேட்டைக்குச் சென்றவர். அந்த வேட்டையிலே ஒரு பன்றியைத் துரத்தி ஓடிய ஓட்டமே அவரைக் காளத்தி மலைக்குக் கொண்டு சேர்த்தது, கண்ணப்பர் ஆக்கியது. புலால் உண்ணாமையைப் போற்றும் சைவர்களாகிய நாம் வேட்டையைப் பரிந்துரைக்க வரவில்லை. ஆயினும் வேடனையும் அவன் நாயையும் இழிவென்று ஒதுக்க நமக்கு உரிமையில்லை என்பதைக் கண்ணப்பர் வரலாறே உணர்த்துகிறது.

சங்க நூல்களிற் கண்ட பழக்கம்

வேட்டை நாய் காட்டில் எடுத்த பிராணியன்று. மனிதன் பழக்கி எடுத்த துணை. பழக்கம் என்பதற்கு முதல் அடையாளம், கூப்பிட்டதும் வருதல். அகநானூற்றுப் பாட்டு ஒன்றிலே, இரவில் மலைவழி வந்து மீளும் தலைவனிடம், ஊர் சேர்ந்ததும் உன் ஊதுகொம்பை ஒருமுறை ஊது என்று வேண்டப்படுகிறது. அக்கொம்பு எத்தகையது? காட்டிற் பரந்த வேட்டை நாய்களை அழைப்பதற்கென்று வைத்திருந்தது. இன்று நாய் பழக்குவோர் கையிலுள்ள ஊதுகுழலுக்கு இது மூதாதை. ஒலி ஒன்றைக் கேட்டு, துரத்தும் விலங்கையும் விட்டு நாய் திரும்பவேண்டுமாயின், எத்தனை நாட் பயிற்சி வேண்டும் என்பதைச் சிந்தித்துப் பார்க்கவேண்டும்.

பெரும்பாணாற்றுப்படையில் எயினர் வேட்டை வருகிறது. வேலியை ஒட்டி வலை கட்டி, நாய்களை விட்டு முயலை அதனுள் ஓட்டிப் பிடிக்கின்றனர். இங்கே வலை மனிதனுடைய வேலை. ஓட்டுதல் நாயினுடைய வேலை. குறிஞ்சிப்பாட்டில், வேட்டைக்கு வந்த தலைவனுடைய நாய்களைக் கண்டு தினைப்புனங் காத்த மகளிர் நடுங்குகின்றனர். பின்னர் அவன் இன்சொற் கூறி அணுகுகிறான். ஆகவே விரட்டவும் ஓட்டவும் மீளவும் அறிந்த நாய்கள் அக்காலத்துத் தமிழர் வாழ்வில் இருந்தன என்பது தெளிவு.

நம் நாட்டு நாய்களின் புகழ் கடல் கடந்தும் சென்றிருந்தது. கி. மு. ஐந்தாம் நூற்றாண்டிலே கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், பாபிலோனை ஆண்ட பாரசீக அதிகாரி ஒருவன் வைத்திருந்த இந்திய நாய்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அவற்றுக்குத் தீனி போடுவதற்கென்றே நான்கு பெரிய ஊர்கள் மற்றை வரிகளிலிருந்து விலக்கப்பட்டிருந்தனவாம்.

கல்லிற் பெயர் பெற்றவை

திருவண்ணாமலைப் பகுதியில் எடத்தனூர் என்று ஓர் ஊர் உண்டு. அங்கே கிடைத்த நடுகல், பல்லவன் முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சி ஆண்டுக்கு உரியது. அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமை மந்தையைக் காக்கப் போராடி உயிர் நீத்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. வீரன் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் அதிலே செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியும் வெட்டப்பட்டிருக்கிறது. வீரனைக் கொன்ற பகைவருடைய பெயர் கல்லில் இல்லை. நாயின் பெயர் இருக்கிறது!

கோவிவன் மந்தை காத்த நாய். வேட்டையிற் பட்ட நாய்க்கு எடுத்த கல் கன்னட நாட்டிலே ஆதகூர் என்னும் ஊரில் கிடைத்தது. கி. பி. 949 அளவில் தக்கோலத்திலே நடந்த பெரும் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேலிருந்து வீழ்ந்த வரலாறு நாம் அறிந்ததே. அப்போரில் எதிர்ப்பக்கத்திலே, கங்க மன்னன் பூதுகனுடன் நின்று பொருதவன் மணலேரன் என்பவன். அவன் வீரத்தை மெச்சி, வேண்டுவதைக் கேள் என்றபோது அவன் பொன்னைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை, காளி என்ற வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர் அந்த நாய் ஒரு பெரும் பன்றியோடு பொருதது, இரண்டும் மாண்டன. மணலேரன் காளிக்குக் கல் நாட்டி, அதற்கு வழிபாடு நடக்க நிலமும் விட்டான். அக்கல் இன்று பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சோழர் வரலாற்றின் ஒரு பெரும் போருக்குச் சான்றாக அறிஞர் எடுத்துக் காட்டும் அந்தக் கல், உண்மையில் ஒரு நாய்க்கு எடுத்த நினைவுக் கல் என்பதை எத்தனை பேர் அறிவோம்?

இலங்கைக் காட்டில்

நம் தீவின் பழங்கதையும் நாயோடுதான் தொடங்குகிறது. விசயனும் தோழரும் கரையிறங்கியபோது, ஓர் இயக்கி பெண் நாய் வடிவில் அவர்கள் முன் தோன்றினாள் என்று மகாவம்சம் சொல்லும். நாய் உள்ள இடத்தில் ஊர் உண்டு என்று எண்ணி ஒருவன் அதன் பின்னே போனான். நூல் நூற்றுக்கொண்டிருந்த குவேனியைக் கண்டான். கதை எப்படியாயினும், நாய் இருந்தால் மனிதர் இருப்பர் என்ற துணிபு கருதத்தக்கது.

வேடர் வில்லோடு நாயையும் துணைக்கொண்டு வேட்டையாடியவர்கள். உடும்பு வேட்டைக்கு நாயின் மூக்கே முதல். வன்னிப் பகுதியிலும் உடும்புக்கும் பன்றிக்கும் ஊர் நாய்களைப் பழக்கிய வழக்கம் இருந்தது. இளம் நாயை மூத்த நாயோடு விட்டுவிடுவார்கள். கற்பிக்கும் வேலையை மூத்ததே பார்த்துக்கொள்ளும்.

1848 ஆம் ஆண்டிலே சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவிற் குடியேறினார். பிற்காலத்தில் ஆபிரிக்காவில் அல்பேட் ஏரியைக் கண்டு புகழ் பெற்றவர் இவரே. மலைநாட்டு அடர்ந்த காட்டில் மரையை வேட்டையாடத் துவக்கு உதவாதென்று கண்டு, நாய்க் கூட்டத்தையும் கைக்கத்தி ஒன்றையுமே நம்பினார். இங்கிலாந்தின் நரிவேட்டை நாய்கள் உயர்ந்த சாதிதான்; ஆனால் செங்குத்தான மலையும் பனிக்குளிரும் நீரோடையும் சிறுத்தையும் உள்ள இந்நாட்டுக்கு அவை மட்டும் போதவில்லை. கலப்பு நாய்களை நாடினார். அவர் பெரிதும் போற்றிய ஸ்மட் என்னும் நாயே ஒரு கலப்பினம். உயர்ந்த நாய் எது என்ற வினாவிலும், இந்த நிலத்துக்கு ஏற்ற நாய் எது என்ற வினாவே பெரிது என்பது பேக்கர் வாழ்க்கை தரும் பாடம்.

துவக்கும் நாயும்

துவக்கு வந்தபின் நாயின் தொழில் மாறிற்று. வேலும் வலையும் கொண்டவனுக்கு விலங்கை மடக்கிப் பிடிக்கும் நாய் வேண்டும். துவக்கு உடையவனுக்கோ தேடிக் காட்டும் நாயும், கிளப்பிவிடும் நாயும், விழுந்ததை எடுத்துவரும் நாயும் வேண்டும். ஐரோப்பாவில் இம்மூன்றுக்கும் தனித்தனி இனங்கள் வகுத்தனர். பொயின்டர் பறவை இருக்கும் திசையை நோக்கி ஒரு காலை மடக்கி அசையாது நிற்கும். ஸ்பானியல் புதருக்குட் புகுந்து பறவையைக் கிளப்பும். லப்றடோர் முதலியன விழுந்ததைச் சிதைக்காமற் கவ்வி வரும். கூட்டமும் ஆரவாரமும் இன்றி, ஒருவன் ஒரு நாயோடு வயலும் புதரும் நடந்து சுடும் வேட்டைக்கு, இம்மூன்று வேலையும் ஓரளவு அறிந்த நாயே ஏற்றது. வயலிற் சுட்ட உள்ளான் சேற்று நிறத்தோடு கலந்து மனிதக் கண்ணுக்கு மறைந்துவிடும். நாயின் மூக்குக்கு மறையாது.

இத்தகைய நாயைத் தேரும் முறை யாது? குட்டியின் முகத்தைப் பார்க்குமுன் தாய் தந்தையின் தொழிலைப் பார்; ஓசைக்கு அஞ்சி ஒளிக்கும் குட்டியை விடு; வாய் மென்மையானதா என்று பார்; நிலத்திலுள்ள முள்ளையும் வெயிலையும் நீரையும் அதன் தோலும் மயிரும் தாங்குமா என்று பார். பழக்கும் முறையும் படிப்படியானதே. முதலில் இருத்தல், பின் அழைத்தால் வருதல், பின் கைக்குறிக்கு இடமும் வலமும் போதல், தொலைவில் எழும் வெடிச் சத்தத்தைச் சிறிது சிறிதாக அண்மைக்குக் கொணர்ந்து அச்சத்தைப் போக்குதல். முயல் கண்முன் பாய்ந்தாலும் துரத்தாது அமர்ந்திருத்தலே கடைசிப் பரீட்சை. ஆங்கிலத்தில் நாய் பழக்குவதை நாயை "முறித்தல்" என்று வழங்கினர். பேக்கர் இங்கு வந்த அதே 1848 இல், ஹச்சின்சன் என்ற படை அதிகாரி அப்பெயரிலேயே ஒரு நூல் வெளியிட்டார். ஆனால் அவர் வற்புறுத்தியது சவுக்கை அன்று. பொறுமையையும் கைக்குறியையும் நற்செயலுக்கு உடனே கொடுக்கும் பரிசையுமே.

நிறமா, தொழிலா?

1859 இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலே நாய்க் கண்காட்சி நடந்தது. 1865 இல் வயலிலே நாய்களின் வேலையைச் சோதிக்கும் போட்டி தொடங்கிற்று. ஒன்று அழகுக்கு, மற்றது தொழிலுக்கு. அதன்பின் ஓரினத்து நாய்களே இரண்டு வழியாகப் பிரிந்தன. கண்காட்சிக்கென வளர்த்த மரபு பல இனங்களில் வேலைத் திறனை இழந்தது.

இதனை வெள்ளையர் குறை என்று நாம் சிரிக்கவேண்டாம். பாண்டி நாட்டின் பெருமையாகிய இராசபாளையம் நாயைப் பாருங்கள். பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பேர் போனது. 2005 இல் இந்திய அஞ்சல் தலையிலும் இடம்பெற்றது. பால் வெள்ளை நிறமும் சிவந்த மூக்குமே சிறப்பு என்று கருதி, மற்ற நிறக் குட்டிகளை ஒதுக்கி வளர்த்தனர். விளைவு என்ன? உட்செவி ஒழுங்காக வேலை செய்ய நிறத்தைத் தரும் உயிரணுக்கள் அங்கே வேண்டும். அவை இல்லாத வெள்ளைக் குட்டிகள் சில செவிடாகப் பிறக்கின்றன. கொம்பொலி கேட்டு மீண்ட நாயின் வழித்தோன்றல், நாம் நிறத்தில் மயங்கியதால் எசமான் குரலையே கேளாது போயிற்று! நிறத்தையும் குலத்தையும் பார்த்துத் தகுதியைப் பாராத குற்றம் நாயளவில் மட்டும் நின்றதா என்பதை இந்து இளைஞர்களாகிய நாம் நம்மையே கேட்டுக்கொள்ளவேண்டும்.

நாம் செய்யத்தக்கது

வேட்டைக் காலம் போயிற்று. 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் நம் தீவின் காட்டுயிர்களைக் காத்து நிற்கின்றன, காக்கத்தான் வேண்டும். ஆயினும் வேட்டையோடு சேர்த்து ஓர் உறவையும் நாம் கைவிட்டுவிட்டோம். வெள்ளவத்தை மாடிவீடுகளில் மேல்நாட்டுச் சாதி நாய்கள் விலை கொடுத்து வாங்கப்பட்டு, ஓடுவதற்கு இடமின்றிச் சங்கிலியிற் குரைக்கின்றன. பறவை எடுத்துவரப் பிறந்த லப்றடோர் பால்கனியில் பருத்துக் கிடக்கிறது. கொட்டாஞ்சேனைச் சந்துகளிலோ, எந்த வெயிலையும் மழையையும் தாங்கும் நம் ஊர் நாய் கல்லெறி வாங்குகிறது. முன்னதற்குத் தொழில் இல்லை. பின்னதற்குப் பெயர் இல்லை.

தன்மேல் வேலெறிந்த எசமானைக் கண்டும் வாலாட்டும் நாயை, பாகனையே கொல்லும் யானைக்கு மேலாக வைத்தது நாலடியார். அத்தகைய அன்புக்கு நாம் செலுத்தும் கைம்மாறு என்ன? நாய் வளர்க்க விரும்பும் இளைஞர், தம் வீட்டுக்கும் நிலத்துக்கும் ஏற்றதைத் தேர்க. தெருக் குட்டியாயினும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுப் பெயரிட்டு வளர்க்க. அடியாமற் பொறுமையாகப் பழக்குக. அதுவும் ஒரு சிவதொண்டே.

ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் எழுத்தறிந்த ஒரு சிற்பி, வீரனுக்கு உளியெடுத்த கையாலேயே அவன் நாயின் பெயரையும் வெட்டினான். அடுத்தமுறை தெருவில் ஒரு நாயை நோக்கிக் கல்லெடுக்கும் கை, அந்தச் சிற்பியின் கையை ஒருகணம் நினைக்குமாயின், இக்கட்டுரை பயன் பெற்றதாகும்.