கவாத்தும் காரணமும்: வாய்வழி நிரப்பும் துவக்கு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தோரின் வரலாறாகவோ, அவற்றைக்கொண்டு வெற்றியீட்டிய தளபதிகளின் வரலாறாகவோ எழுதப்பட்டு வந்துள்ளது. கருவியைக் கையிலேந்தியவன் என்ன செய்தான், எவ்வொழுங்கிற் செய்தான், அவ்வொழுங்கை அவனுக்கு வகுத்தளித்தவர் யாவர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பட்டன. வாய்வழி மருந்தும் குண்டும் இட்டு நிரப்பப்படும் பழைய துவக்கை எடுத்துக்கொண்டு இவ்வினாக்களுக்கு விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். துவக்கை ஆபத்தின்றி நிரப்பிச் சுடுதல் என்பது வெறுந் தொழில்நுட்பச் செய்தி போலத் தோன்றலாம். ஆயின் 1857இல் வட இந்தியாவைக் குலுக்கிய பேரெழுச்சிக்கு உடனடிக் காரணமாய் அமைந்தது துவக்கு நிரப்பும் ஒழுங்கில் ஒரேயொரு படியே என்பதை நினைவிற் கொள்ளின், இவ்விடயத்தின் சமுதாய முக்கியத்துவம் தெளிவாகும்.

முதற்கண் மருந்தை நோக்குவாம். கரிய வெடிமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றின் கலவை. நூற்றுக்கு எழுபத்தைந்து, பதினைந்து, பத்து என்னும் விகிதமே பிற்காலத்தில் நிலைபெற்றது. இம்மூன்றனுள் வெடியுப்பே உயிர்நாடி. பதினேழாம் நூற்றாண்டு முதல் ஐரோப்பியப் போர்க்களங்களுக்குச் சென்ற வெடியுப்பிற் பெரும் பங்கு பீகாரிலிருந்து பெறப்பட்டதாகும். அங்கு நூனியா என்னும் சாதியினர் உவர்மண்ணைச் சுரண்டி, நீரிற் கரைத்து, காய்ச்சி அதனை எடுத்தனர். பிளாசிப் போரின் பின்னர் அவ்வணிகம் கிழக்கிந்தியக் கம்பனியின் பிடிக்குள் வந்தது. இந்திய மண்ணில் ஏழை உழைப்பாளி காய்ச்சிய உப்பே இந்தியாவை அடக்கிய துவக்குகளுக்கு உணவாயிற்று என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இம்மருந்தின் இயல்பு ஒன்று நிரப்பும் முறை முழுவதையும் நிர்ணயித்தது. அது ஒரு சிறு பொறியினாற் பற்றிக்கொள்ளும். எரிந்தபின் குழலினுட் கனன்றுகொண்டிருக்கும் கசடையும் விட்டுச்செல்லும். எனவே முதன்முதலில் திரித்துவக்கைக் கையாண்ட காலாள் தன் பகைவனுக்கு அஞ்சியதைவிடத் தன் கையிலிருந்த எரியும் திரிக்கே அதிகம் அஞ்சவேண்டியவனாயிருந்தான். 1607இல் ஹேக் நகரில் யாக்கோப் டி கெயின் என்னும் ஓவியர் வெளியிட்ட கவாத்து நூல் இதற்குச் சான்று பகரும். நாசோ வம்சத்தார் டச்சுப் படையிற் புகுத்திய பயிற்சியை அடியொற்றிய அந்நூலில் 117 செப்புத்தகட்டுச் சித்திரங்கள் உள்ளன. அவற்றுள் 42 இலகு துவக்குக்கும், 43 பாரிய துவக்குக்கும், 32 ஈட்டிக்கும் உரியவை. துவக்கைப் பற்றிய படிகளுள் ஒன்று, கிண்ணியில் இட்ட மருந்தின் சிதறலை வாயால் ஊதி அகற்றுதல். திரியை மீண்டும் பொருத்துமுன் அதனைச் செய்யாதவன் முகம் கருகும். அழகிய அணிவகுப்பு அசைவு போல் தோன்றும் அப்படி, உண்மையில் யாரோ ஒருவரின் தீப்புண்ணிற் பிறந்த அறிவாகும்.

துவக்கின் குழலினுள்ளே திருகுவடிவாகப் பள்ளமிட்டுக் குண்டைச் சுழலச் செய்தால் அது நேர்பிசகாது செல்லும் என்பதை ஐரோப்பியக் கம்மாளர் பதினாறாம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தனர். றைபிள் எனப்படுவது இதுவே. ஆயின் குண்டு பள்ளங்களைக் கவ்வவேண்டுமெனின் அது குழலின் விட்டத்தை இறுக நிறைத்தல் வேண்டும். இறுக நிறைப்பின் வாய்வழியே உட்செலுத்துதல் கடினம். 1800இற் பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட பேக்கர் றைபிளுக்குத் தொடக்கத்திற் சிறு மரச் சுத்தியலும் வழங்கப்பட்டமை இதனாலேயே. பென்சில்வேனியாவிற் குடியேறிய ஜெர்மானியக் கம்மாளர் நெய் தடவிய துணித்துண்டிற் குண்டைப் பொதிந்து இறக்கும் முறையைப் பரவலாக்கினர். வழுவழுப்பான குழலுடைய துவக்கைப் பயின்ற வீரன் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுகையில், றைபிள்காரன் ஒரு முறை சுடுவதே அரிதாயிற்று.

இம்முரண்பாட்டைத் தீர்த்தவர் பிரெஞ்சு அதிகாரி கிளோட் எத்தியேன் மினியே. 1840களின் இறுதியில் அவர் வகுத்த நீள்குண்டு குழலிலும் சற்றுச் சிறியது, எளிதாக உள்ளிறங்கும். அடிப்புறம் குடைவாயிருப்பதால் மருந்து வெடிக்கையில் விரிந்து பள்ளங்களைக் கவ்வும். இத்தத்துவத்தை அடிப்படையாகக் கொண்டதே 1853ஆம் ஆண்டு என்பீல்ட் றைபிள். அதன் துளை 0.577 அங்குலம், குழல் 39 அங்குல நீளம், உள்ளே மூன்று பள்ளங்கள். ஏறத்தாழ 70 கிரேன் மருந்தும் 530 கிரேன் நிறைகொண்ட ஈயக்குண்டும் ஒரே காகிதச் சுருளில் அடைக்கப்பட்டிருந்தன. குண்டிருந்த முனையில், அது இலகுவாக இறங்கவும் கசடு இளகவும், தேன்மெழுகும் விலங்குக் கொழுப்பும் பூசப்பட்டன.

இனி, இத்துவக்கை ஆபத்தின்றி நிரப்பும் முறையைப் படிப்படியாக நோக்குவாம். இன்றும் பல நாடுகளிற் பழைய துவக்குகளை விளையாட்டாகச் சுடுவோர் பின்பற்றும் விதிகள் பெரும்பாலும் இவையே. முதலாவது, துவக்கு நிரப்பப்பட்டுள்ளதா என்பதை உறுதிசெய்தல். திணிகோலைக் குழலினுள் இட்டு, அது எவ்வளவு இறங்குகின்றது என வெளியிலிருந்து அளந்தறியலாம். முன்னரே வெறுங்குழலுக்கும் நிரம்பிய குழலுக்கும் கோலில் அடையாளமிடுதல் இதற்குத் துணையாகும். இரண்டாவது, மருந்துக் கொம்பிலிருந்து நேரே குழலினுட் கொட்டாமை. முந்திய வெடியின் கனல் உள்ளே எஞ்சியிருப்பின் ஒரு வேளை மருந்து மட்டுமன்றிக் கொம்பு முழுவதும் கையில் வெடிக்கும். எனவே ஒரு வெடிக்குரியதைத் தனியே அளந்தே இடல் வேண்டும். ஈரத்துணியாற் குழலை இடையிடையே துடைப்பதும் இக்கனலை அணைப்பதற்கே. நிரப்பும் வேளை முழுவதும் முகமும் உடலும் குழல்வாய்க்கு நேரே நில்லாதிருத்தலும், புகையிலை முதலாய நெருப்பை அயலில் விடாதிருத்தலும் சொல்லாமலே பெறப்படும்.

மூன்றாவது, குண்டு மருந்தின் மேல் நன்கு பொருந்தி அமர்தல் வேண்டும். இரண்டுக்குமிடையே வெற்றிடம் இருப்பின் அழுக்கம் ஓரிடத்திற் குவிந்து குழல் புடைக்கும், சிலவேளை பிளக்கும். நான்காவது, திணிகோலை உள்ளங்கையாற் பொத்தி அழுத்தாது, விரல்களாற் குறுகப் பிடித்துச் சிறிது சிறிதாக இறக்குதல். மரக்கோல் முறியின் அதன் கூர்முனை கையைத் துளைக்கும். மருந்து தற்செயலாய்ப் பற்றின் கோலே அம்பாகும். ஐந்தாவது, தீமூட்டும் செப்புக் கேப்பை எல்லாவற்றுக்கும் இறுதியாக, குழல்வாய் இலக்கின் திசையை நோக்கியபின்னரே, முளையிற் பொருத்துதல். கேப்பில்லாத துவக்கு ஓர் இரும்புக் குழாய்; கேப்புப் பொருத்தியதும் அது உயிர்கொள்ளும். இறுதியாக, விசையை இழுத்தும் வெடியாதபோது துவக்கைத் திருப்பிப் பாராமை. மருந்து உள்ளே தயங்கிக் கனன்று, சில கணம் கழித்து வெடித்தலும் உண்டு. இலக்கை நோக்கியபடியே ஒரு நிமிடமாயினும் காத்திருந்து, பின்னரே கேப்பை மாற்றுதல் முறை. புகையற்ற நவீன மருந்தை இத்துவக்குகளில் இடலாகாது என்பதும் இன்றைய விதி. அதன் அழுக்கத்தைப் பழைய இரும்பு தாங்காது.

இவ்விதிகள் ஒவ்வொன்றும் மருந்து, ஈயம், இரும்பு ஆகியவற்றின் இயல்பிலிருந்தே பிறந்தவை. காரணமறிந்தவனுக்கு அவற்றை மனனஞ் செய்யவேண்டிய தேவையில்லை. தன் துவக்கைத் தானே பேணிய வேட்டுவன் இவ்வறிவைத் தந்தையிடமோ அண்டைவீட்டானிடமோ காரணத்தோடு கற்றான். படையிலோ நிலைமை வேறு. ஆயிரம் பேர் தோளோடு தோள் நின்று ஒரே வேளையில் நிரப்பவேண்டியிருந்தமையால், அவ்வறிவு எண்ணிட்ட அசைவுகளாகத் துண்டாடப்பட்டது. காரணம் அதிகாரியின் ஏட்டில் நின்றது. அசைவு மட்டும் சிப்பாயின் கையிற் சேர்ந்தது. ஆலையில் உழைப்பு துண்டாடப்பட்டமையோடு இதனை ஒப்புநோக்குதல் பொருந்தும். கவாத்து பல உயிர்களைக் காத்தது என்பதை நாம் மறுக்கவில்லை. நெரிசலான அணியில் ஒருவனின் தவறு அயலானின் உயிரைக் குடிக்கும். ஆயின் காரணத்தினின்றும் பிரிக்கப்பட்ட ஒழுங்கு எத்தகைய விளைவுகளைத் தரும் என்பதற்கு வரலாற்றில் இரு சான்றுகள் உள.

முதலாவது, அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெற்றிஸ்பேர்க் களம். 1863 யூலையில் மூன்று நாட் சமர் ஓய்ந்தபின் அங்கிருந்து பொறுக்கப்பட்ட துவக்குகள் ஏறத்தாழ 27,500 எனவும், அவற்றுள் 24,000 வரையில் நிரப்பப்பட்டவாறே கிடந்தன எனவும் பதிவாகியுள்ளது. நிரம்பியிருந்தவற்றுட் பாதியளவில் இரண்டு வெடிக்குரிய மருந்தும் குண்டும் ஒன்றன்மேலொன்றாய் இருந்தன. காற்பங்கு வரையில் மூன்று முதல் பத்து வரை இருந்தன. பேரிரைச்சலின் நடுவே தன் துவக்கு வெடித்ததா என்பதையே அறியாது, கை மட்டும் பழகிய அசைவுகளைத் திரும்பத் திரும்பச் செய்தது என்பது ஒரு விளக்கம். மனிதனைச் சுட மனம் ஒப்பாதோர் நிரப்புவதாற் காலங்கடத்தினர் என்பது பிறிதொரு விளக்கம். எதுவாயினும், கோல் முழுமையாக இறங்கவில்லை என்னும் எளிய அறிகுறியைக் கவாத்து காணவிடவில்லை.

இரண்டாவது சான்று நமக்கு அண்மையது. காகிதத் தோட்டாவின் முனையைப் பல்லாற் கடித்துக் கிழிப்பது கவாத்தின் ஒரு படி. ஒரு கை துவக்கைப் பற்றியிருக்க, மறு கை தோட்டாவைப் பிடித்திருக்க, மூன்றாவது கையாக வாய் பயன்பட்டது. 1857 தொடக்கத்தில் டம்டம், அம்பாலா, சியால்கோட் ஆகிய இடங்களில் என்பீல்டுப் பயிற்சி தொடங்கியபோது, தோட்டாவிற் பூசப்பட்ட கொழுப்பு பசுவினதும் பன்றியினதும் என்னும் ஐயம் பரவிற்று. அக்கொழுப்பு எவ்விலங்கினது என்பதில் அதிகாரிகள் உரிய கவனஞ் செலுத்தியிருக்கவில்லை. குழலுக்கு எது நன்று என எண்ணியவர்கள், வாய்க்கு எது தகாது என எண்ணினாரல்லர்.

பெப்ரவரி 26இற் பெர்ஹாம்பூரில் 19ஆவது படைப்பிரிவு கேப்புகளை ஏற்க மறுத்தது. மார்ச் 29இற் பாரக்பூரில் மங்கள் பாண்டே ஆயுதமெடுத்தான். சிப்பாய்கள் தாமே நெய் முதலியன பூசிக்கொள்ளவும், பல்லுக்குப் பதிலாகக் கையாற் கிழிக்கவும் அரசு இடமளித்தது. ஆயின் காலங்கடந்துவிட்டது. ஏப்ரல் 24இல் மீரட்டில் மூன்றாவது இலகு குதிரைப்படையின் தொண்ணூறு பேரை நிறுத்தி, கையாற் கிழிக்கும் புதிய முறையைக் காட்ட முயன்றனர். வழங்கப்பட்டவை அவர்கள் முன்னர் பயன்படுத்திய பழைய வகைத் தோட்டாக்களே. எனினும் 85 பேர் தொட மறுத்தனர். மே 9இல் அவர்கள் அணிவகுப்பின் முன்னிலையில் விலங்கிடப்பட்டனர். மறுநாள் மீரட் எழுந்தது.

இம்மறுப்பை மூடநம்பிக்கை எனத் தள்ளுதல் வரலாற்றுக்கு இழைக்கும் அநீதியாகும். நிலவரி, அவத் இராச்சியத்தின் இணைப்பு, சம்பளமும் பதவியும் பற்றிய மனக்குறைகள் என ஆழ்ந்த காரணங்கள் முன்னரே குவிந்திருந்தன. தோட்டா அவற்றுக்குத் தீமூட்டிற்று. இரண்டரை நூற்றாண்டாகக் காரணங்கூறாது கட்டளை மட்டுமே இட்டுப் பழகிய ஒரு முறை, காரணங்கூறவேண்டிய வேளை வந்தபோது நம்பப்படவில்லை. பழைய தோட்டா என்னும் உண்மையும் மீரட்டில் எடுபடாமைக்கு இதுவே விளக்கம். ஆட்சியாளர் கற்ற பாடமோ வேறு. எழுச்சி அடங்கியபின் இந்தியச் சிப்பாய்களுக்கெனத் திருகுபள்ளமற்ற, வழுவழுப்பான குழலுடைய என்பீல்டுகள் செய்விக்கப்பட்டன. 1866இற் பின்புறம் நிரப்பும் சினைடர் முறை பிரித்தானியப் படைக்கு வந்ததோடு, கடித்தலும் திணித்தலும் படைவாழ்விலிருந்து மறையத் தொடங்கின.

எனினும் வாய்வழி நிரப்பும் துவக்கு நம் நாட்டில் முற்றாக மறைந்துவிடவில்லை. துருக்கியச் சொல்லடியாகப் பிறந்த துவக்கு என்னும் சொல்லோடு நம்மவர் இணைத்து வழங்கும் கட்டுத்துவக்கு அதன் வழித்தோன்றலே. காட்டு விலங்கின் தடத்தில், நிரப்பிய குழலொன்றைக் கட்டி, குறுக்கே கம்பி இழுத்துவிட்டுச் செல்வது அம்முறை. அது சட்டவிரோதமானது, விலங்கோடு விறகு பொறுக்கச் செல்லும் மனிதரையும் முடமாக்குவது. சுடுபவன் இல்லாத துவக்கு அது. கேப்பு இறுதியிற் பொருத்தப்படல் வேண்டும், குழல்வாய் கண்ணறிந்த இலக்கையே நோக்கல் வேண்டும் என்னும் விதிகள் அங்கு தலைகீழாகின்றன. பயிருக்கும் உயிருக்கும் வேறு காவலின்றித் தவிக்கும் ஏழை விவசாயியின் அவலத்தை மறந்து இதனைக் கண்டிப்பது எளிது. அவ்வவலத்தைத் தீர்ப்பதே தேவை.

ஆகவே, ஆபத்தின்மை என்பது கட்டளையாற் பெறப்படுவதன்று. கருவியின் இயல்பை அதனைக் கையாள்பவன் அறிவதாலும், அவ்வறிவோடு வினவும் உரிமை அவனுக்கிருப்பதாலுமே பெறப்படுவது. துவக்குக்குப் பொருந்தும் இம்முடிவு, ஆலை இயந்திரத்துக்கும் வயலிற் தெளிக்கும் நஞ்சுக்கும் பொருந்தாதிருக்க நியாயமில்லை.