குருதிக் குருத்தணுக்களின் சமிக்ஞை வழிகள்

குருதிக் குருத்தணு என்பது செங்குருதியணு, வெண்குருதியணு, குருதிச் சிறுதட்டு ஆகிய அனைத்தையும் வாழ்நாள் முழுவதும் தோற்றுவிக்கும் மூல உயிரணு ஆகும். வளர்ந்த மனிதரில் இது பெரும்பாலும் எலும்பு மச்சையில் காணப்படுகிறது. இவ்வுயிரணு எப்போது ஓய்ந்திருக்க வேண்டும், எப்போது பிரிய வேண்டும், எவ்வகைக் குருதியணுவாக மாற வேண்டும் என்பவற்றை வெளியிலிருந்து வரும் வேதிச் செய்திகள் பெருமளவில் நெறிப்படுத்துகின்றன. அச்செய்தி உயிரணுவின் மேற்பரப்பிலிருந்து உட்கருவைச் சென்றடையும் படிநிலைத் தொடர் சமிக்ஞை வழி எனப்படும். இவ்வழி பழுதுபட்டால் குருதிப் புற்றுநோயோ குருதி உற்பத்திக் குறைவோ ஏற்படலாம்.

பின்னணி

மனித உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 கோடி செங்குருதியணுக்களை உருவாக்குகிறது. எனினும் குருத்தணுக்களுள் பெரும்பாலானவை ஓய்வு நிலையிலேயே இருக்கின்றன. அவற்றின் வழித்தோன்றல்களே விரைந்து பெருகுகின்றன. அடிக்கடி பிரியும் உயிரணுவில் மரபணுப் பிழைகள் சேரும் என்பதால் இந்த ஓய்வு ஒரு பாதுகாப்பாகும்.

குருதிக் குருத்தணுக்கள் உண்டு என்பதற்கான செய்முறைச் சான்றை 1961 இல் கனடாவைச் சேர்ந்த ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் ஆகியோர் எலிகளைக் கொண்டு அளித்தனர். குருத்தணுவின் இயல்பை அதன் சுற்றுப்புறமே காக்கிறது என்னும் கருத்தை 1978 இல் ரேமண்ட் ஸ்கோஃபீல்ட் முன்வைத்தார்.

முதன்மையான வழிகள்

சி-கிட் வழி: மச்சையின் துணை உயிரணுக்கள் குருத்தணுக் காரணி என்னும் புரதத்தைத் தருகின்றன. இது சி-கிட் என்னும் ஏற்பியுடன் இணைந்து, குருத்தணு அழியாமல் வாழ உதவுகிறது.

ஜேக்-ஸ்டாட் வழி: கல்லீரலில் உருவாகும் திராம்போபொயட்டின், எம்.பி.எல் என்னும் ஏற்பியுடன் இணைகிறது. உடனே ஏற்பியின் உட்பக்கத்தில் உள்ள ஜேக்2 நொதி, ஸ்டாட் புரதங்களில் பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. அவை உட்கருவுக்குள் சென்று மரபணுக்களை இயக்குகின்றன. சிறுதட்டு உற்பத்திக்கு மட்டுமன்றி, குருத்தணுக்களைப் பேணவும் இவ்வழி தேவை.

சி.எக்ஸ்.சி.எல்12 வழி: இப்புரதம் குருத்தணுவை மச்சையிலேயே தங்க வைக்கிறது. இதன் ஏற்பியான சி.எக்ஸ்.சி.ஆர்4 ஐத் தடுத்தால் குருத்தணுக்கள் குருதியோட்டத்துக்கு வந்துவிடும். பிளெரிக்சாஃபோர் என்னும் மருந்து இதே முறையில் செயல்படுவதால், மாற்று சிகிச்சைக்குக் குருத்தணுக்களைச் சேகரிக்கப் பயன்படுகிறது.

டி.ஜி.எஃப்-பீட்டா வழி: இது குருத்தணுவை ஓய்வு நிலையில் வைக்கும் தடைச் செய்தியாகும்.

நாட்ச், வின்ட் வழிகள்: கருவில் குருதிக் குருத்தணுக்கள் தோன்றவும், பின்னர் டி-உயிரணுக்கள் உருவாகவும் நாட்ச் வழி இன்றியமையாதது. வின்ட் வழியின் விளைவு அதன் அளவைப் பொறுத்து மாறுபடுகிறது. முதிர்ந்த குருத்தணுக்களில் இவ்விரண்டின் பங்கு குறித்து ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

வழி பழுதுபடும்போது

2005 இல் ஜேக்2 மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் கண்டறியப்பட்டது. செங்குருதியணு மிகைப்பு நோயாளிகளுள் பெரும்பாலானோரிடம் இது உள்ளது. செய்தி வராதபோதும் ஜேக்2 இயங்கிக்கொண்டே இருப்பது இதன் விளைவாகும்.

நாட்பட்ட மைலாய்டு குருதிப் புற்றுநோயில் 9, 22 ஆம் நிறப்புரிகள் தம் துண்டுகளைப் பரிமாறிக்கொள்கின்றன. இதனால் தோன்றும் பி.சி.ஆர்-ஏ.பி.எல் என்னும் புரதம், "பெருகு" என்னும் செய்தியை நிறுத்தாமல் அனுப்புகிறது. இதைத் தடுக்கும் இமாட்டினிப் மருந்து 2001 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆயினும் ஓய்வு நிலையிலுள்ள நோய்க் குருத்தணுக்கள் இம்மருந்துக்குத் தப்பிவிடக்கூடும். ஆகவே பலர் பல ஆண்டுகள் மருந்தைத் தொடர வேண்டியுள்ளது.

சென்னையும் இமாட்டினிப் வழக்கும்

நெடுங்காலம் உட்கொள்ள வேண்டிய மருந்து என்பதால் இதன் விலை உயிர் காக்கும் வினாவாயிற்று. நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மருந்துக்கு மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாயும், இந்திய நிறுவனங்களின் மருந்துக்கு ஏறத்தாழ 8,000 முதல் 10,000 ரூபாயும் ஆனது. மருந்தின் பீட்டா படிக வடிவத்துக்குக் கோரப்பட்ட காப்புரிமையை 2006 சனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. காப்புரிமைச் சட்டத்தின் 3(ஈ) பிரிவை எதிர்த்த மனுக்களை 2007 ஆகத்தில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமையை மறுத்துத் தீர்ப்பளித்தது.

பென்சீனும் வடசென்னையும்

பென்சீன் குருதிக் குருத்தணுக்களைத் தாக்கும் நச்சுப்பொருள். மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதற்பிரிவில் வகைப்படுத்தப்பட்டுள்ளது. கல்லீரலில் மாற்றமடையும் பென்சீன், எலும்பு மச்சையில் குவினோன்களாகி டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது. அரைல் ஹைட்ரோகார்பன் ஏற்பி இல்லாத எலிகளில் இப்பாதிப்பு ஏற்படவில்லை என ஆய்வுகள் காட்டின. எனவே இங்கும் ஒரு சமிக்ஞை வழிக்குப் பங்குண்டு.

மணலியில் 1969 முதல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இயங்குவதாலும், எண்ணூர், திருவொற்றியூர் பகுதிகளில் தொழிற்சாலைகள் மிகுந்திருப்பதாலும் இவ்வறிவு வடசென்னைக்கு முக்கியமானது. இந்தியக் காற்றுத்தர நெறிமுறையின்படி (2009) பென்சீனின் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேற்படக் கூடாது. 2020 ஏப்ரலில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 தரத்தின்படி பெட்ரோலில் 1 விழுக்காட்டுக்கு மேல் பென்சீன் இருக்கலாகாது. பென்சீன் கலந்த காற்றில் பணிபுரிவோருக்கு உரிய இடைவெளியில் குருதியணு எண்ணிக்கைச் சோதனை செய்வது பாதிப்பை முன்கூட்டியே அறிய உதவும்.

சிகிச்சைப் பயன்கள்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் எலும்பு மச்சை மாற்று சிகிச்சை அளிக்கப்படுகிறது. மாற்றப்பட்ட குருத்தணுக்கள் சி.எக்ஸ்.சி.எல்12 செய்தியைப் பின்பற்றியே மச்சையைச் சென்றடைகின்றன. கடும் ஹீமோஃபிலியா-ஏ நோயாளிகள் ஐவரின் குருத்தணுக்களில் மரபணுவைச் சேர்த்து மீண்டும் செலுத்திய மருத்துவ ஆய்வின் முடிவுகளை வேலூர் ஆய்வாளர்கள் 2024 இல் வெளியிட்டனர்.

இவற்றையும் பார்க்க

எலும்பு மச்சை
குருதிப் புற்றுநோய்
பென்சீன்
மணலி