கடலுக்கு அப்பாலிருந்து வரும் குரல்: தீவகத்து முதியோரும் கைத்தொலைபேசியும்

தீவகத்தின் முதுமையை மற்ற ஊர்களின் முதுமையோடு ஒப்பிட முடியாது. 1990, 1991ஆம் ஆண்டுகளில் நடந்த இராணுவ நடவடிக்கைகளோடு ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு எல்லாம் ஏறக்குறைய வெறிச்சோடின. குடாநாடு, வன்னி, கொழும்பு, பிறகு கனடா, பிரான்ஸ், சுவிஸ் என்று போனவர்களில் ஒரு பகுதியினரே திரும்பினார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளின் காசில் வீடு திருத்தப்பட்டது, கிணறு இறைக்கப்பட்டது, மதிலும் எழும்பியது. அந்த மதிலுக்குள் இன்று ஓர் அம்மாவோ ஐயாவோ தனியே இருக்கிறார். பக்கத்து வளவு இன்னும் பற்றைதான்.

ஊர்காவற்றுறைப் பக்கத்தில் பிறந்த எனக்கு இப்படியான வீடுகள் பல தெரியும். அநேகமான வீடுகளில் பிள்ளைகள் அனுப்பிய ஸ்மார்ட் போன் ஒன்று இருக்கும். அது தனிமையைக் குறைக்கிறதா என்று கேட்டால், என் பதில்: போன் மட்டும் குறைக்காது. அதைச் சுற்றி நாம் செய்யும் ஏற்பாடுகளைப் பொறுத்தது.

தனிமையை இப்போது உலகமே ஒரு சுகாதாரப் பிரச்சினையாகப் பார்க்கிறது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுகிறார் என்றும், ஆண்டுக்கு ஏறத்தாழ 8 இலட்சத்து 71 ஆயிரம் மரணங்களோடு அதற்குத் தொடர்புண்டு என்றும் உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் அறிக்கை வெளியிட்டது. ஆனால் வீடியோ அழைப்புத்தான் இதற்கு மருந்து என்று சொல்வதற்குச் சான்று மெலிவு. கொரோனா முடக்க காலத்தில், 2020இல், கொக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் இதை அவசரமாக ஆராய்ந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தவை மூன்றே ஆய்வுகள். எல்லாம் தாய்வானின் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் நடந்தவை. மொத்தம் 201 பேர். வீடியோ அழைப்பால் தனிமையில் பெரிய வித்தியாசம் ஏற்பட்டதாக அவர்களால் சொல்ல முடியவில்லை.

எங்கள் சனத்துக்குத் தூரத்துக் குரல் புதிதல்ல. போர்க்காலத்தில் நீல நிற விமானக் கடிதம் வந்தது. ஊருக்கு வருபவர் கையில் குரல் பதிந்த கசெட் வந்தது. செஞ்சிலுவைச் சங்கத்தின் தாளில் நாலு வரி வந்தது. வெளிநாட்டு அழைப்பு ஒன்றை எடுப்பதற்காகவே கொழும்புக்குப் போய் லொட்ஜில் காத்துக் கிடந்தவர்கள் உண்டு. கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கலாம், கசெட்டைத் திரும்பப் போட்டுக் கேட்கலாம். வீடியோ அழைப்பு துண்டித்தவுடன் போய்விடுகிறது. அதனால்தான் வட்ஸ்அப் குரல் பதிவுகளை நான் பெரிதாக மதிக்கிறேன். இரண்டு நிமிடப் பதிவை ஓர் அப்பு நாலு தரம் கேட்பார், பக்கத்து வீட்டாருக்கும் போட்டுக் காட்டுவார்.

முதலில் பார்க்கவேண்டியது காதும் கண்ணும். வயதோடு மெல்லிய, உயர்ந்த ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். சிறுபிள்ளைகளின் குரல் அந்த வகை. திரையைப் பார்த்து ஆச்சி சிரித்துத் தலையாட்டுவார். பாதி விளங்கியிருக்காது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் காதையும் கண்ணையும் காட்டிய பிறகு போன் வாங்குவது நல்லது. நெடுந்தீவிலிருந்து அதற்குக் குறிகாட்டுவானுக்கு ஒரு மணித்தியாலம் படகில் வந்து, பிறகு பஸ் ஏறவேண்டும். 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் நடந்ததை அறிந்த தலைமுறைக்கு அந்தக் கடல் வெறும் கடலுமல்ல. ஆகவே காசு அனுப்பினால் போதாது, கூடப் போக ஆள் வேண்டும். கண்ணாடி, காதுக்கருவி உதவிகளுக்குப் பிரதேச செயலகத்தின் சமூகசேவைப் பிரிவில் விசாரிக்கலாம்.

இன்னொரு சின்ன விடயம்: வயதானவர்களின் காய்ந்த விரல் நுனியைத் தொடுதிரை சரியாக உணர்வதில்லை. ‘அம்மாவுக்குப் பழக்கினாலும் வராது’ என்று சொல்லும் முன் அவரது விரலை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். திரையில் நாற்பது படங்கள் வேண்டாம். பிள்ளைகளின் முகம் போட்ட நாலு பொத்தான் போதும். பழைய பொத்தான் போனையும் எறியவேண்டாம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை தேசிய மின்வலையமைப்பில் இல்லை. டீசல் மின்பிறப்பாக்கிகளில்தான் ஓடிவந்தன. இந்தியாவின் 11 மில்லியன் டொலர் மானியத்தில் காற்று, சூரிய மின் திட்டத்துக்கு 2024 மார்ச்சில்தான் ஒப்பந்தம் கைச்சாத்தானது. மின்சாரம் நின்றாலும் ஒரு கிழமை சார்ஜ் நிற்கும் போன் இந்த இடங்களுக்கு ஏற்றது.

நேரமும் முக்கியம். நினைத்த நேரத்தில் வரும் பத்து அழைப்பை விட ஞாயிறு மாலை ஆறரைக்குத் தவறாமல் வரும் ஒன்று மேல். அன்று பகல் முழுவதும் அதற்காக ஆயத்தப்படுவார்கள், சீலை மாற்றுவார்கள். ரொறன்ரோவில் காலை ஒன்பது மணி கோடையில் எங்களுக்கு மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. நவம்பரில் அங்கே மணிக்கூடு மாறுவது இங்கே இருப்பவருக்குத் தெரியாது. ஒரு மணித்தியாலம் கதிரையில் காத்திருந்து, என்ன நடந்ததோ என்று பயப்படுவார். முதல் கிழமையே சொல்லிவிடுங்கள்.

என்ன கதைப்பது என்பதும் பிரச்சினைதான். பேரப்பிள்ளைக்குத் தமிழ் வராது, ‘ஹாய் அம்மம்மா’ என்றதோடு ஓடிவிடும். ‘சாப்பிட்டீங்களா, குளிசை போட்டீங்களா’ என்று விசாரணை மட்டும் நடத்தினால் முதியவர் நோயாளியாகிவிடுகிறார். அவரிடம் கேளுங்கள். ஒடியற்கூழுக்குப் புளி எவ்வளவு, இந்தப் படத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்பது ஆர், எங்கள் காணியின் கிழக்கு எல்லை எது? அவருக்கு மட்டுமே தெரிந்த விடயங்கள் இவை. காணி எல்லை விடயத்தைப் பதிவுசெய்து வைத்தால் பிறகு உங்களுக்கே உதவும்.

இதெல்லாம் தூரத்து உறவு. கிட்டத்து உறவுக்குச் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. ஒருகாலத்தில் பத்திரிகையை ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்ட இடம் அது. நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவை, நடக்க முடியாதவர் தனியே சின்னத் திரையில் பார்ப்பதை விட, அங்கே பெரிய திரையில் பத்துப்பேராகப் பார்க்கலாம். வெளிநாட்டு ஊர்ச்சங்கங்கள் வளைவு கட்டும் காசில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கலாம். போன் பழக்க ஒரு பிள்ளையைக் கிழமைக்கு இருமுறை வீட்டுக்கு அனுப்பினால், அந்தப் பிள்ளை வருவதுதான் முதியவருக்குப் பெரிதாக இருக்கும். மனம் மிகச் சோர்ந்தவர்களுக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கமும் உண்டு.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பெற்றோருக்குத் தொலைபேசி வேறொரு பொருள். மகனுக்குத் தெரிந்த இலக்கம் என்பதால் அதை மாற்ற மறுக்கும் தாய்மார் இருக்கிறார்கள். ‘உங்கள் பிள்ளை உயிரோடு இருக்கிறான்’ என்று சொல்லிக் காசு பறித்தவர்களும் தொலைபேசியில் வந்தார்கள். அப்படி அழைப்பு வந்தால் காசு கொடுக்க முன் யாரிடம் சொல்வது என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். நீண்ட நாள் ரீலோட் போடாத சிம் செயலிழந்துவிடும். புதுப்போன் வாங்கிக் கொடுத்தாலும் அந்தப் பழைய இலக்கத்துக்கு மாதாமாதம் ரீலோட் போட மறக்காதீர்கள்.